பலமாக இழுக்கும் இளம் குதிரைக்கு எந்த பிட் பொருத்தம்?

பிட் என்பது குதிரையின் வாயில் வைத்து லகானோடு இணைக்கும் கடிவாளத் துண்டு. கேள்வியின் சாரம் இது. ஐந்து வயதான, காயடிக்கப்பட்ட ஆண் குதிரை. இப்போது நடுவில் ஒற்றை மூட்டு உள்ள எக்பட் ஸ்னாஃபிள் பிட்டில் (நெம்புகோல் இல்லாத எளிய வகை) சவாரி செய்யப்படுகிறது. வேலியிட்ட பயிற்சித் திடலில் ஓரளவு சொன்னபடி கேட்கிறது. திறந்தவெளியில் கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்கு, போனதும் தலையைத் தாழ்த்தி, லகானைப் பறித்துக்கொண்டு வேகமெடுக்கிறது. உடன் வருபவர்கள் மூன்று வளைய கேக் (gag) பிட்டையோ பெல்ஹாமையோ மாட்டச் சொல்கிறார்கள்; இரண்டும் இழுவையைப் பெருக்கும் நெம்புகோல் வகைகள். எதை வாங்குவது?

முதலில் பற்களைப் பரிசோதிக்கச் செய்யுங்கள். வாயில் குறை எதுவும் இல்லையென்றால், இரட்டை மூட்டுள்ள, நடுவில் நீள்வட்டமான சிறு துண்டு கொண்ட, 14 முதல் 16 மில்லிமீட்டர் வரை தடிமனான லூஸ் ரிங் ஸ்னாஃபிளில் தொடங்குங்கள். திறந்தவெளியில் பாதுகாப்புக்காக நெம்புகோல் வகை பிட் ஒன்று வேண்டியே தீரும் என்ற நிலை வந்தால், இரண்டு லகான்களோடு பயன்படுத்தும் பெல்ஹாமைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வளைய கேக்கை இந்தக் குதிரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் உங்கள் குதிரையை நேரில் பார்த்து முடிவெடுக்கப் போவது நீங்கள்தான்.

எந்த பிட்டும் குதிரையைப் பிடித்து நிறுத்துவதில்லை. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள ஒரு விலங்கை மனிதரின் கைவலுவால் நிறுத்த முடியாது. லகானில் அழுத்தம் வந்ததும் வேகத்தைக் குறைத்தால் அந்த அழுத்தம் உடனே விலகும் என்று குதிரை கற்றுக்கொண்டிருப்பதால்தான் அது நிற்கிறது. வேகத்தைக் குறைத்த பிறகும் கை தளராமல் இழுத்துக்கொண்டே இருந்தால், இழுவைக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை என்பதையே குதிரை கற்றுக்கொள்கிறது. அதன் பின் அது அந்த அழுத்தத்துக்குப் பழகிவிடுகிறது, சில குதிரைகள் அதன்மீது சாய்ந்துகொள்ளவும் தொடங்கிவிடுகின்றன. கூர்மையான பிட்டை மாட்டினால் முதல் சில சவாரிகளில் பெரிய மாற்றம் தெரிவதும், சிறிது காலத்தில் பழைய இழுவை திரும்பி வருவதும் இதனால்தான். இதைப் பார்த்து அடுத்த படியாக இன்னும் கடுமையான பிட்டைத் தேடுபவர்கள் பலர். அந்தப் படிகள் ஓரிடத்தில் முடிந்துவிடும், குதிரையின் வலுவோ வயதோடு கூடிக்கொண்டே போகும்.

ஐந்து வயதில் பற்களைப் பற்றி ஏன் இத்தனை வற்புறுத்துகிறேன் என்றால், பிட் வேலை செய்யும் இடம் அந்த வயதில்தான் மிகுந்த மாற்றத்துக்கு உள்ளாகிறது. ஏறத்தாழ இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுவரையிலான காலத்தில் குதிரை 24 பால்பற்களை உதிர்த்து நிலைப்பற்களைப் பெறுகிறது. முன்வாயின் வெட்டுப்பற்கள் சுமார் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதுகளில் ஜோடி ஜோடியாக மாறுகின்றன. கடைவாயின் முன்பகுதிப் பற்களும் இதே காலத்தில்தான் மாறுகின்றன. உதிரும் நிலையில் உள்ள பால்பல் புதிய பல்லின் தலையில் மூடிபோல ஒட்டிக்கொண்டு ஈறைப் புண்ணாக்குவதும் உண்டு. ஆண் குதிரைகளில் கோரைப் பற்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து ஐந்து வயதுக்குள் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன, அதுவும் பிட் படியும் இடத்துக்குச் சற்று முன்னால். இவை போதாதென்று, கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஓநாய்ப்பல் எனப்படும் சிறு பல் ஒன்று பல குதிரைகளில் இருக்கும். மேல்தாடையில் வெளியே தெரியும் அந்தப் பல்லைவிட, ஈறுக்கு அடியிலேயே மறைந்திருப்பது கூடுதல் தொல்லை தரலாம். ஆகவே இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரையில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பற்களைப் பார்க்கச் செய்வது நல்ல வழக்கம். வாயில் வலியுள்ள குதிரை லகானைக் கண்டு பின்வாங்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். வலியிலிருந்து தப்பிக்க முன்னோக்கிப் பாயும் குதிரைகளும் நிறைய உண்டு, அவற்றைத்தான் நாம் ‘பலமான குதிரை’ என்கிறோம்.

வாயைப் போலவே முதுகையும் பாருங்கள். இந்த வயதில் குதிரையின் உடல் சில மாதங்களிலேயே வடிவம் மாறிவிடும். சென்ற பருவத்தில் பொருந்திய சேணம் இப்போது தோள்பட்டையை நெருக்கிக்கொண்டிருக்கலாம். தானியத் தீவனம் மிகுதியாகவும் வெளியில் திரியும் நேரம் குறைவாகவும் இருந்தால், அந்த மிகுதிச் சக்தி உங்கள் சவாரியில்தான் செலவாகும். அதைத் தீர்க்கும் பிட் எதுவும் கிடையாது.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, குதிரை எப்படி இழுக்கிறது என்பதைக் கவனிப்போம். தலையைத் தூக்கி, முதுகைத் தாழ்த்தி, மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு ஓடும் குதிரை ஒருவிதம். அது பெரும்பாலும் அழுத்தத்திலிருந்தோ வலியிலிருந்தோ தப்பிக்கப் பார்க்கிறது. பிட்டின்மேல் நாக்கைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கட்டுப்பாட்டை இழப்பது இன்னொரு விதம். அங்கே நாக்குக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. மற்றக் குதிரைகளைப் பார்த்துப் பரபரப்படைந்து, தனியாக இருக்கும்போது மட்டும் அமைதியாக நடக்கும் குதிரைக்கு வாயில் குறை எதுவும் இல்லாமலே இருக்கலாம். நீங்கள் விவரிக்கும் குதிரை தலையைத் தாழ்த்தி, எடையைக் கைகளில் இறக்குகிறது. இது பெரும்பாலும் சமநிலைக் குறைவு. நின்றுகொண்டிருக்கும்போதே குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்கால்களில்தான் இருக்கிறது. மேலே ஒரு மனிதரும் ஏறி உட்கார்ந்தபின், பின்கால்களை உடலுக்கடியில் கொண்டுவந்து எடையைத் தாங்கும் வலு இளம் குதிரைக்கு உடனே வந்துவிடுவதில்லை. வேலியிட்ட திடலில் சுவர்களும் மூலைகளும் அதன் வேகத்தைத் தாமாகவே குறைத்துவிடுகின்றன. திறந்த, நேரான பாதையில் அப்படி எதுவும் இல்லாததால் ஒவ்வொரு அடியிலும் முன்னே சரிந்து, சரிவைச் சமாளிக்க இன்னும் விரைந்து, கடைசியில் ஐந்தாவது காலாக உங்கள் கைகளைப் பயன்படுத்துகிறது. நீங்கள் எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறீர்களோ அவ்வளவு நல்ல தாங்கல் அதற்குக் கிடைக்கிறது.

இந்த நோக்கில் பார்த்தால், சாய்ந்துகொள்ள வசதியாக இல்லாத, ஆனால் வலிக்கவும் செய்யாத பிட்தான் வேண்டும். இப்போதுள்ள எக்பட்டில் வளையமும் வாய்த்துண்டும் அசையாமல் இணைந்திருக்கும். பதற்றமான வாயுள்ள குதிரைக்கு அந்த நிலைத்தன்மை நல்லது, சாய்கிற குதிரைக்கோ அது ஊன்றுகோலாகிவிடுகிறது. லூஸ் ரிங்கில் வளையம் வாய்த்துண்டின் துளைக்குள் சுழலுவதால் பிட் எப்போதும் சற்று அசைந்துகொண்டிருக்கும். விரல்களின் சிறு அசைவும் வாய்க்குப் போய்ச் சேரும். அந்தத் துளையில் உதட்டோரம் சிக்கிக் கிள்ளுண்ணும் வாய்ப்பு உண்டு என்பது இதன் குறை. சரியான அகலம் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும். பக்கவாட்டில் திருப்புவதுதான் உங்கள் சிக்கல் என்றால், கன்னத்தை ஒட்டி நீண்ட கம்பிகள் கொண்ட ஃபுல் சீக்கைச் சொல்லியிருப்பேன். இங்கே அதற்குத் தேவை தெரியவில்லை.

இனி வாய்த்துண்டு. ஒற்றை மூட்டு ஸ்னாஃபிள் கொட்டைபாக்கை வெட்டும் பாக்குவெட்டியைப் போல் மடங்கி அண்ணத்தைக் குத்துகிறது என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. குதிரையின் இயக்கவியலை ஆராய்ந்த ஹிலாரி கிளேட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் எக்ஸ்ரே படங்களின் உதவியோடு வாய்க்குள் பார்த்தபோது, லகானில் இழுவிசை ஏறும்போது பிட் முதன்மையாக நாக்கில் அமிழ்வதையே கண்டார்கள். குதிரை வாயை மூடியிருக்கும்போது நாக்கு வாய்க்குழியை ஏறக்குறைய முழுவதுமாக நிரப்பிவிடுகிறது. எனவே பிட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நாக்கைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்க வேண்டும். இரட்டை மூட்டுள்ள துண்டு நாக்கின் வளைவைத் தழுவிப் படிந்து, அழுத்தத்தை ஓரிடத்தில் குவிக்காமல் பரப்புகிறது. ஆனால் கடையில் இரட்டை மூட்டு என்று கேட்டால் கைக்கு வருவதெல்லாம் ஒன்றல்ல. பிரெஞ்சு லிங்கில் நடுத்தகடு நாக்கின்மேல் தட்டையாகப் படியும். டாக்டர் பிரிஸ்டலில் தகடு சாய்வாக அமைந்திருப்பதால் அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். பார்வைக்கு இரண்டும் உடன்பிறப்புகள், குதிரைக்கு அப்படியல்ல. நீள்வட்டத் துண்டு கொண்டதில் இந்தக் குழப்பம் குறைவு, ஆகவேதான் அதைச் சொன்னேன். முறுக்கிய கம்பி, மெல்லிய கம்பி, சங்கிலி வகைகளை இளம் வாயில் வைப்பதற்கு நான் எந்த நியாயமும் காணவில்லை.

அசைவே பிடிக்காமல் பிட்டை ஓயாது மென்றுகொண்டிருக்கும் குதிரைக்கு மூட்டில்லாமல் சற்றே வளைந்த முல்லன் வகை ஒத்துப்போகலாம். சாய்கிற குதிரைக்கு அதை முதல் தேர்வாக்க வேண்டாம். அது நிலையான தண்டு, சாய வசதியானது.

தடித்த பிட் மென்மையானது, மெல்லியது கடுமையானது என்ற விதி பாதிதான் உண்மை. மெல்லியதில் அழுத்தம் குறுகிய இடத்தில் குவியும் என்பது சரி. ஆனால் தசைப்பற்றான நாக்கும் தாழ்ந்த அண்ணமும் உள்ள குதிரையின் வாயில் 20 மில்லிமீட்டர் பிட்டை வைத்தால் வாயை மூடவே இடமிருக்காது. அன்போடு தடித்த ரப்பர் பிட்டை மாட்டிவிட்டு, குதிரை ஏன் வாயைப் பிளக்கிறது என்று வியப்பவர்கள் உண்டு. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனத்தின் டிரெஸ்ஸாஜ் (பழக்கிய நடைகளைக் காட்டும் போட்டி) விதிகள் குதிரைகளுக்கான ஸ்னாஃபிளுக்குக் குறைந்த அளவாக 14 மில்லிமீட்டரை வைத்திருக்கின்றன. பெரும்பாலான குதிரைகளுக்கு அதற்கும் 16-க்கும் இடைப்பட்டது போதும். உதடுகளை மெல்ல விலக்கிப் பாருங்கள்: நாக்கு பற்களின் ஓரத்துக்கு மேலே பிதுங்கி நின்றால் தடிமன் குறைந்ததையே தேர்ந்தெடுங்கள்.

அகலத்தை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். வழுவழுப்பான ஒரு மரக்குச்சியையோ நூலையோ பிட் படியும் இடத்தில் வாயின் குறுக்கே வைத்து, உதட்டோரங்களில் இருபுறமும் குறித்துக்கொள்ளுங்கள். லூஸ் ரிங்குக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும்; எக்பட், ஃபுல் சீக் போன்றவை இதைவிட நெருக்கமாக இருக்கலாம். மூட்டுள்ள பிட் மிக அகலமானால் ஒரு பக்கமாகச் சரிந்து, மூட்டு நாக்கின் நடுவை விட்டு விலகி, ஒரு லகானின் சொல் மறுலகானின் சொல்லோடு முரண்படும். உயரத்துக்கு, உதட்டோரத்தில் இரண்டு மடிப்பு விழ வேண்டும் என்ற பழைய விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். உதடு தடித்த குதிரைக்கு ஒரு மடிப்பே போதும். கோரைப் பல்லில் இடிக்காமலும் கடைவாய்ப் பல்லில் மோதாமலும் இருக்கிறதா என்று விரலால் உணர்ந்து பார்ப்பதே உறுதியான வழி.

உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துருப்பிடிக்காத எஃகு எளிது, நீடித்தது. செம்புக் கலவையையும் துருப்பிடிக்கும் மென்னிரும்பையும் சில குதிரைகள் விரும்பி ஏற்று உமிழ்நீர் சுரக்கின்றன, சில கண்டுகொள்வதே இல்லை. காய்ந்த ரப்பர் உதட்டை இழுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது உங்கள் நண்பர்களின் யோசனைக்கு வருகிறேன். ஸ்னாஃபிளில் லகானை எவ்வளவு இழுக்கிறீர்களோ அவ்வளவே வாய்க்குப் போகிறது. பெல்ஹாம், கர்ப் போன்றவற்றில் வாய்த்துண்டுக்கு மேலும் கீழும் கைகள் உண்டு. லகான் கீழ்க்கையின் நுனியில் மாட்டப்படுகிறது, தாடைக்கடியில் சங்கிலி ஓடுகிறது. மேல்கை 4 சென்டிமீட்டர், கீழ்க்கை 8 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். சங்கிலி இறுகிய நிலையில் நீங்கள் ஒரு கிலோ அளவுக்கு இழுத்தால், கோட்பாட்டின்படி சங்கிலியில் இரண்டு கிலோவும் வாய்த்துண்டில் மூன்று கிலோவும் விழுகின்றன. பலமாக இழுக்கும் குதிரையின் மீது பதற்றத்தில் பத்து கிலோ அளவுக்கு இழுப்பது எளிதாக நடந்துவிடும். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எனவே நெம்புகோல் பிட்டுக்கு ஏற்றது, அதைப் பெரும்பாலும் பயன்படுத்தாமலே வைத்திருக்கத் தெரிந்த கை மட்டுமே.

மூன்று வளைய கேக்கில் சங்கிலி இல்லை. லகானை இழுத்ததும் மேல்வளையம் முன்னே சாய்ந்து கன்னவாரை இழுக்க, காதுகளுக்குப் பின்னால் உச்சியில் அழுத்தம் விழுகிறது. அதே நேரத்தில் வாய்த்துண்டு மேலேறி உதட்டோரங்களை மேல்நோக்கி இழுக்கிறது. உச்சி தலையைத் தாழ்த்தச் சொல்கிறது, உதடு உயர்த்தச் சொல்கிறது. அனுபவமுள்ள குதிரை இதைப் பொறுத்துக்கொண்டு பொருள் கண்டுபிடித்துக்கொள்ளும். இப்போதுதான் லகானின் மொழியைக் கற்கும் ஐந்து வயதுக் குதிரைக்கு இது குழப்பம். ஏற்கெனவே தலையைத் தாழ்த்திச் சாயும் குதிரைக்கு உச்சி அழுத்தம் தாழ்ந்த தலைக்கே மேலும் ஊக்கம் தரலாம். தவிர, ஒரே லகானைக் கடைசி வளையத்தில் மாட்டிக்கொண்டு போவதுதான் பரவலாகக் காணப்படும் பழக்கம்; அப்போது மென்மையான பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. பெல்ஹாமில் இரண்டு லகான்களைப் பிடித்தால் மேல் லகானை ஸ்னாஃபிள்போல அன்றாடப் பேச்சுக்கும், கீழ் லகானைத் தேவையான கணத்தில் மட்டும் குறிப்புணர்த்தவும் பயன்படுத்தலாம். இரண்டையும் தோல்பட்டையால் இணைத்து ஒரே லகானாக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அதைச் செய்தால் பெல்ஹாமைத் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடும். குட்டையான கைகள் கொண்டதை வாங்குங்கள். சங்கிலியைத் தட்டையாக முறுக்கி, பிட்டின் கைகள் வாய்க்கோட்டோடு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்தபின் இறுகும்படி மாட்டுங்கள்.

பொதுப்பாதையிலோ மற்றவர்களுடனோ சவாரி செய்யும் கட்டாயம் இருந்து, குதிரையை நிறுத்த முடியாமல் போவது உண்மையான ஆபத்தாக இருக்கும்போது, இத்தகைய பிட்டை இடைக்கால ஏற்பாடாக வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் எலும்பும் பிறர் உயிரும் கொள்கையைவிடப் பெரியவை. ஆனால் திடலில் ஸ்னாஃபிளிலேயே வேலையைத் தொடருங்கள். கண்மண் தெரியாமல், எந்தச் சொல்லும் காதில் விழாமல் பறக்கும் குதிரையாக இருந்தால் இது பிட்டின் பிரச்சினையே அல்ல. அதன்மேல் ஏறுவதை நிறுத்திவிட்டு, இளம் குதிரைகளைப் பழக்குவதில் தேர்ந்த ஒருவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இதோடு மூக்குவாரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். புது பிட்டை மாட்டியதும் குதிரை வாயைத் திறந்தால், மூக்குவாரை இறுக்கி மூடிவிடும் ஆசை எழும். திறந்த வாய் உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த தகவல். அதை வாரால் கட்டிவிட்டால் தகவல் மறையும், காரணம் மறையாது. மூக்கெலும்பின் மேல் இரண்டு விரல்கள் எளிதாக நுழையும்படி விடுங்கள். பக்கவாட்டில் விரலை நுழைத்துப் பார்ப்பது ஏமாற்றும்.

பிட்டே இல்லாத தலைவாரையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம், குறிப்பாகக் கோரைப் பல் வெளிவரும் வாரங்களில். பக்க இழுவை வகை சாதுவானது. நீண்ட கைகள் கொண்ட ஹேக்கமோர் அப்படியல்ல; மூக்கெலும்பின் கீழ்முனை மெல்லியது, அங்கே நெம்புகோல் விசை நன்றாகவே வலிக்கும்.

புதிய பிட்டைச் சோதிக்கும்போது மற்ற எதையும் மாற்றாதீர்கள். பிட், மூக்குவார், சேணம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று ஒருபோதும் தெரியாது. முதலில் தரையில் நின்றே லகானைத் தொட்டு, குதிரை தாடையைத் தளர்த்தி ஓரடி பின்வைக்கிறதா என்று பாருங்கள்; வைத்த அக்கணமே விடுங்கள். பிறகு திடலில் நடையிலிருந்து நிற்பதற்கும், டிராட்டிலிருந்து (மெதுவான ஓட்டம்) நடைக்கும் அடிக்கடி மாறுங்கள். கேன்டரில் குதிரை சாயத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று அடிகள் முன்னதாகவே, அதாவது கை கனக்கும் முன்பே, டிராட்டுக்கு இறக்கிவிடுங்கள். சாய்ந்த பின் இழுப்பது காலங்கடந்த செயல். அது சாய்ந்துவிட்டால் இரு கைகளாலும் ஒன்றாக இழுக்காமல், ஒரு பக்க லகானை இழுத்துத் தளர்த்தி, பிறகு மறுபக்க லகானை இழுத்துத் தளர்த்தி, பெரிய வட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். வேகத்தில் ஓடும் இளம் குதிரையின் தலையை ஒரு லகானால் சட்டென்று உங்கள் முழங்கால்வரை மடக்குவது அதைக் கீழே தள்ளிவிடக்கூடும். திறந்தவெளிக்குப் போகும்போது அமைதியான மூத்த குதிரை ஒன்றை முன்னால் விட்டு, ஏற்றமான பாதையில் குறுகிய கேன்டர்களாகத் தொடங்குவது நல்லது. ஏற்றம் பின்கால்களை உழைக்க வைக்கும், சரிந்து ஓடுவதைத் தானே தடுக்கும்.

ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் உதட்டோரங்களையும் நாக்கையும், கீழ்த்தாடையில் பல்லில்லாத ஈறு விளிம்பையும் பாருங்கள். அந்த விளிம்பில் எலும்புக்கும் பிட்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு மட்டுமே உள்ளது. அங்கே ஏற்படும் காயம் வெளியே தெரியாது, இரத்தமும் பெரும்பாலும் வெளிவராது. சிவப்போ வீக்கமோ தெரிந்தால் ஆறும்வரை வாயில் எதையும் வைக்க வேண்டாம். பழைய பிட்டை வாங்குவதாக இருந்தால் மூட்டுகளிலும் வளையத் துளைகளிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். செம்புக் கலவை போன்ற மென்மையான உலோகங்கள் அங்கேதான் தேய்ந்து கூர்மையாகின்றன, தேய்ந்ததை அரத்தால் ராவிச் சரிசெய்ய முயலாமல் ஒதுக்கிவிடுங்கள்.